தட்டை வாணலிக்கு ஏற்ற திருப்பியும் கரண்டியும்: தேர்ந்தெடுக்கும் முறை

எங்கள் வீட்டிலிருக்கும் தோசைத்திருப்பிகளில் மிகப் பழையது, என் மாமியார் திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த புதிதில் தேக்காவில் வாங்கியது. எவர்சில்வர் தகடு, அதைக் கைப்பிடியோடு இணைக்கும் இரண்டு ஆணிகள், அவ்வளவுதான். பார்வைக்கு எந்தச் சிறப்பும் கிடையாது. அதன் முன் ஓரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அது நேர்க்கோடாக இல்லை என்பது தெரியும். வலது மூலை தேய்ந்து உருண்டிருக்கும். இடது மூலை ஏறக்குறைய வாங்கியபடியே இருக்கும். வலக்கையால் ஒரே சாய்வில் இத்தனை ஆண்டுகள் தோசை எடுத்ததன் தடம் அது. புதிதாக ஒன்று வாங்கித் தருவதாக நான் சொன்னபோது, "வேணாம்மா, இதுதான் கல்லோட படிஞ்சிருக்கு" என்றார்.

கரண்டி வாங்கக் கடைக்குப் போகும்போது நாம் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். சற்றுக் கவனமானவர்கள் அது எதனால் செய்யப்பட்டது என்று கேட்கிறார்கள். சமைக்கும் நேரம் முழுவதும் வாணலியைத் தொட்டுக்கொண்டிருப்பதோ அதன் முன் ஓரம். அந்த ஓரம் எத்தனை மெல்லியது, அழுத்தினால் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது, மூலைகள் கூராக உள்ளனவா உருட்டிவிடப்பட்டுள்ளனவா, வாணலியின் மேற்பரப்பைவிட அது கடினமானதா மென்மையானதா என்பவற்றைப் பொறுத்தே தோசை முழுதாக எழும்புவதும், மீனின் தோல் கிழியாமல் வருவதும், வாணலியின் பூச்சு நிலைப்பதும் அமைகின்றன. எனவே தேர்வு வாணலியிலிருந்து தொடங்க வேண்டும்; கரண்டி எதனால் ஆனது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

வாணலி என்று நான் இங்கே சொல்வது, அடி தட்டையாகவும் பக்கங்கள் தாழ்ந்து சரிந்தும் இருக்கும் பொரிக்கும் சட்டியை. தோசைக்கல்லையும் சப்பாத்தித் தவாவையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். குழிந்த அடியுள்ள குவாலிக்கு வேண்டிய கரண்டி வேறு. சீனர் சமையலில் பயன்படும், முன் ஓரம் வில்லாக வளைந்த பெரிய உலோகக் கரண்டி குவாலியின் குழிவுக்கென்றே செய்யப்பட்டது. அதைத் தட்டை வாணலியில் வைத்தால் ஓரத்தின் நடுப்பகுதி மட்டுமே அடியைத் தொடும். கையின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரே இடத்தில் இறங்கிக் கோடு விழும். நம் வீடுகளில் இரண்டு பாத்திரங்களுக்கும் ஒரே கரண்டியை எடுப்பது வழக்கமாக இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வாணலி எந்த வகை?

வார்ப்பிரும்பு வாணலியிலும் இரும்புத் தோசைக்கல்லிலும் கறுப்பாகப் படர்ந்திருப்பது வண்ணப்பூச்சு அன்று. மெல்லியதாகத் தடவிய எண்ணெய் நன்றாகச் சூடேறும்போது, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இரும்போடு இறுகிக்கொள்வதால் உண்டாகும் கெட்டியான படலம் அது. கல்லைப் பழக்குவது என்று நாம் சொல்வது இந்தப் படலத்தை உருவாக்குவதைத்தான். இது உரிந்துவிடும் என்று அஞ்சி, இரும்புக் கல்லில் மரக்கரண்டியைக் கொண்டு தோசையை எடுக்கப் போராடுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் தேவையில்லை. ஓரம் நேராகவும் மூலைகள் உருண்டும் உள்ள எவர்சில்வர் திருப்பி நாள்தோறும் உராயும்போது, படலத்தில் மேடாக நிற்கும் புள்ளிகளைச் சிறிது சிறிதாகச் சமன்படுத்துகிறது. கல் வழவழப்பாவதற்கு அதுவும் ஒரு காரணம். உணவங்காடி நிலையத்தில் பரோட்டாக் கல்லின் முன் நிற்பவரின் கையைச் சற்று நேரம் கவனியுங்கள். அகன்ற தகடும் குட்டையான கைப்பிடியும் கொண்ட ஒரே உலோகத் திருப்பியால் அவர் பரோட்டாவைப் புரட்டுகிறார், முர்தபாக்கை வெட்டுகிறார், கல்லில் ஒட்டிய மாவைச் சுரண்டித் தள்ளுகிறார். நாள் முழுவதும் அந்த உலோகம் படும் கல்தான் அங்கே ஒட்டாமல் வேலை செய்கிறது.

இரும்பைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, திருப்பியின் கூரான மூலை. கையைச் சாய்க்கும்போது அது படலத்தைக் கீறி இரும்புவரை இறங்கிவிடும். மற்றொன்று புளிப்பு. புளியும் தக்காளியும் நெடுநேரம் கொதித்தால் படலம் தளர்ந்துவிடும். தளர்ந்த படலத்தை உலோக ஓரத்தால் சுரண்டினால் அது குழம்போடு கலந்து வந்துவிடும். தக்காளித் தொக்கை இரும்பு வாணலியில்தான் கிண்டுவேன் என்பவர்கள், அந்த ஒரு வேலைக்கு மட்டும் மரத்துக்கு மாறிக்கொள்வது நல்லது.

பூச்சற்ற எவர்சில்வர் வாணலிக்கு எந்தக் கரண்டியும் தீங்கு செய்யாது. விழும் கோடுகள் தோற்றத்தை மட்டுமே பாதிக்கும். அதில் வேறொரு தேவை இருக்கிறது. வெங்காயமோ கோழியோ வதங்கும்போது அடியில் பழுப்பாக ஒட்டும் பகுதியில்தான் சுவை செறிந்திருக்கிறது. சிறிது தண்ணீர் தெளித்து அதைச் சுரண்டி எடுத்தால் மசாலாவுக்கு நிறமும் ஆழமும் கிடைக்கும். வட்ட முனையுள்ள குழிக்கரண்டி அடியை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுவதால் இந்த வேலைக்குப் பயன்படாது. முன் ஓரம் நேராகச் சீவப்பட்ட மரக்கரண்டி ஒரே இழுப்பில் ஐந்து ஆறு சென்டிமீட்டர் அகலத்தை வழித்துவிடும்.

நான்ஸ்டிக் வாணலிக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். அதன் பூச்சு பெரும்பாலும் பிடிஎஃப்இ என்ற பொருள். 1938ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் வேறோர் ஆய்வின்போது தற்செயலாகக் கண்டறிந்தது, பின்னர் டெஃப்லான் என்ற பெயரில் பரவியது. எதனோடும் ஒட்டாத இந்தப் பொருள் இயல்பிலேயே மென்மையானது. உலோக ஓரம் ஒருமுறை கீறினால் கோடு மட்டும் விழும். அந்தக் கோட்டில் உணவு ஒட்டும், ஒட்டியதைச் சுரண்டும்போது கோடு அகலமாகும், சில மாதங்களில் பூச்சு செதிலாக உரியத் தொடங்கும். சில வாணலிகளின் பெட்டியில் உலோகக் கரண்டியையும் தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். பூச்சில் கடினமான துகள்களைக் கலந்திருப்பதால் அவை மற்றவற்றைவிட உறுதியானவை என்பது உண்மையே. ஆயினும் முள்கரண்டியால் முட்டையைக் கலக்குவதற்கும் வாணலிக்குள்ளேயே கத்தியால் வெட்டுவதற்கும் அதை உரிமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிடிஎஃப்இ சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கெடத் தொடங்குகிறது. ஆகவே இந்த வாணலியை நாம் எப்படியும் மிதமான சூட்டில்தான் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு மரமும் நல்ல சிலிக்கோனும் தாராளமாகப் போதும். செராமிக் பூச்சு என்று விற்கப்படும் வாணலிகளையும் இதே போல நடத்துங்கள்.

ஓரத்தைச் சோதிக்கும் முறை

மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய வஞ்சிர மீன் துண்டு ஒன்று வாணலியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் எண்ணெய்க் குமிழிகள் அடங்கிவருகின்றன. மசாலா ஆரஞ்சு நிறத்திலிருந்து செம்பழுப்புக்கு மாறுகிறது. திருப்பியைத் துண்டின் அடியில் செலுத்தும் கணத்தில், மீனுக்கும் உலோகத்துக்கும் இடையே இருப்பது மசாலாவாலான ஒரு மெல்லிய தோல் மட்டுமே. ஓரம் இரண்டு மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால் அந்தத் தோலுக்குக் கீழே நுழையாமல் தோலின் மீதே மோதும். மீன் முன்னால் நகரும், மசாலா வாணலியிலேயே தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓரம், தாழ்ந்த சாய்வில் போனால், தோலோடு சேர்த்து மீனை ஏந்திக்கொள்ளும். மீன் ஒட்டிவிட்டது என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் பல நேரங்களில் குற்றம் திருப்பியின் தடிமனில் இருக்கிறது. அல்லது பொறுமையின்மையில் இருக்கிறது, ஏனெனில் அடி நன்றாகப் பொரிந்த மீன் வாணலியைத் தானாகவே விட்டுக்கொடுக்கும்.

மீனுக்கென்றே செய்யப்படும் திருப்பி ஒன்று உண்டு. தகடு நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். முன் ஓரம் சற்றுச் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். தகட்டில் நீண்ட வரிகளாகத் துளைகள் இருக்கும். அழுத்தினால் வில்லாக வளையும். எண்ணெய் துளைகளின் வழியே வடிந்துவிடுவதால் மீனைத் தூக்கும்போது கையில் தெறிக்காது. மேலைநாட்டுச் சமையலறைக்கான பொருளாக இருந்தாலும், தோசைக்கும் அடைக்கும் வடைக்கும் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை கையாண்டதில்லை. சைனாடவுனில் உணவகங்களுக்குப் பாத்திரம் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கே தாராளமாகத் தொட்டு, வளைத்துப் பார்த்து வாங்க முடியும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. திருப்பியின் ஓரத்தைக் கண்ணாடி மேசையின் மீதோ தட்டையான பலகையின் மீதோ படுக்கவைத்து, கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். ஓரத்துக்கும் மேசைக்கும் இடையே வெளிச்சம் கசிந்தால் தகடு முறுக்கியிருக்கிறது என்று பொருள். பிறகு, மீனின் அடியில் செலுத்தும் சாய்விலேயே வைத்து மெதுவாக அழுத்துங்கள். தகட்டின் முன்பகுதி மட்டும் சற்றே வளைந்து முழு ஓரமும் மேசையில் பதிய வேண்டும். கைப்பிடி சேரும் இடத்திலேயே வளைந்தால் அது முட்டையைத் தூக்கும், அடையைத் தூக்காது. சிறிதும் வளையாவிட்டால், வாணலியின் அடி ஒரு தலைமுடி அளவு மேடு பள்ளமாக இருந்தாலும் அது எங்கோ ஓரிடத்தில் கீறும்.

கைப்பிடியின் கோணம் பலரும் பார்க்கத் தவறும் ஒன்று. தோசைக்கல்லுக்குச் சுவர் இல்லை. ஆகவே நேரான கைப்பிடியோடு எந்தச் சாய்விலும் திருப்பியை உள்ளே செலுத்தலாம். ஐந்து சென்டிமீட்டர் உயரச் சுவருள்ள வாணலியில் அதே திருப்பியை இறக்கினால், கைப்பிடி விளிம்பில் இடித்து, தகடு செங்குத்தாக நின்றுவிடும். மீனின் அடியில் நுழைய வேண்டிய ஓரம் அதைக் குத்தும். கைப்பிடி தகட்டிலிருந்து மேல்நோக்கி வளைந்திருந்தால்தான் கை வாணலிக்கு மேலே இருக்க, தகடு அடியில் படுத்திருக்கும். முடிந்தால் கடையிலிருக்கும் ஏதேனும் ஒரு வாணலிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அகலமும் வாணலியைப் பொறுத்ததே: 24 அல்லது 26 சென்டிமீட்டர் வாணலிக்கு ஏழு எட்டு சென்டிமீட்டர் அகலத் தகடு போதும். அதற்கு மேல் அகலமானால் நான்கு துண்டு மீனுக்கு நடுவே அதைத் திருப்ப இடமிருக்காது.

புதிய எவர்சில்வர் திருப்பிகளில் பெரும்பாலானவை தகட்டை அச்சில் வெட்டியபடியே விற்பனைக்கு வருகின்றன. ஓரத்தின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். சிறிது பஞ்சை எடுத்து ஓரத்தின் மீது மெதுவாக இழுங்கள். நார் சிக்கும் இடமெல்லாம் பிசிறு உள்ள இடம். இதை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். தரை ஓட்டின் மீது 400 எண் உப்புத்தாளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, திருப்பியின் அடிப்பக்கத்தைத் தட்டையாக வைத்து, ஓரத்தை நம்மை நோக்கி இருபது முப்பது முறை இழுக்க வேண்டும். பின்னர் மேல்பக்கத்தையும் சற்றுச் சாய்த்து அப்படியே தேய்த்து, 800 எண் தாளில் முடிக்க வேண்டும். இரண்டு மூலைகளையும் பத்துக் காசு நாணயத்தின் வளைவுக்குத் தேய்த்து உருட்டிவிடுங்கள். கடைசியில் சோப்பு போட்டுக் கழுவித் துணியால் துடைத்து, மீண்டும் பஞ்சை இழுத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். மாமியாரின் திருப்பி முப்பது நாற்பது ஆண்டுகளில் தானாக அடைந்த வடிவத்துக்கு இது ஓரளவு நெருங்கிவிடும்.

நைலான், சிலிக்கோன், மரம்

கறுப்பு நைலான் கரண்டிகளை நான் வீட்டில் வைத்திருப்பதில்லை. காரணம் ஒரு மாலை நேரத்தில் நடந்தது. வார்ப்பிரும்பு வாணலியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது, திருப்பியை வாணலியின் உட்பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்க்கையில் ஓரம் மெழுகைப் போல இளகி அலை அலையாக நெளிந்திருந்தது. வெங்காயத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு துணுக்கு கிடந்தது. வாணலியில் இருந்த அனைத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. நைலான் வகைகளில் ஒன்று சுமார் 220 டிகிரியிலும் மற்றொன்று சுமார் 260 டிகிரியிலும் உருகும். அதற்கு முன்பே இரண்டும் இளகத் தொடங்கிவிடும். அடுப்பில் காலியாக விட்ட இரும்பு வாணலி சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டக்கூடியது. உருகுவதற்கு வெகு முன்பே கவலைப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது: சூடான உணவில் நைலானின் சிறு மூலக்கூறுகள் கலக்கக்கூடும் என்பதால், 70 டிகிரிக்கு மேற்பட்ட உணவில் அத்தகைய கரண்டிகளை இயன்றவரை குறைந்த நேரமே வைக்குமாறு ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. வதக்குவது என்றாலே கரண்டி வாணலிக்குள் நெடுநேரம் இருக்கும் என்பதால், நைலான் இந்த வேலைக்குரியது அன்று.

கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டி குறித்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவந்த செய்தியையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பழைய மின்னணுப் பொருட்களின் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வதால், தீப்பிடிப்பதைத் தடுக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருட்கள் கறுப்பு நிறச் சமையல் கருவிகளிலும் வந்துவிடுகின்றன என்று 2024 அக்டோபரில் ஓர் ஆய்வு வெளியானது. நாள் ஒன்றுக்கு உடலில் சேரக்கூடிய அளவு, பாதுகாப்பு வரம்பை நெருங்குவதாக அது காட்டியது. அந்த வரம்பு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 7,000 நானோகிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 420,000 ஆக வேண்டும். ஆய்வில் 42,000 என்று பெருக்கியிருந்தார்கள். டிசம்பரில் அதற்குத் திருத்தம் வெளியானது. திருத்திய கணக்கில் சேரக்கூடிய அளவு வரம்பின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அச்சத்தால் நள்ளிரவில் எழுந்து கரண்டிகளை எறிய வேண்டியதில்லை. ஓரம் நெளிந்து துணுக்குகள் உதிரும் கரண்டியை எறியப் போதுமான காரணம் அந்த ஓரத்திலேயே இருக்கிறது.

சிலிக்கோன் சூட்டை நன்கு தாங்கும். சாதாரணமாக 220 டிகிரி வரை என்று கைப்பிடியிலோ அட்டையிலோ குறிப்பிட்டிருப்பார்கள், குறிப்பே இல்லாததை வாங்காதீர்கள். அதன் குறை ஓரத்தின் தடிமன். முட்டையைக் கலக்கி மடிப்பதற்கும், ரவை கேசரியை நான்ஸ்டிக் வாணலியின் பக்கங்களிலிருந்து வழித்தெடுப்பதற்கும் அது மிகச் சிறந்தது. ஆனால் தோசையின் அடியில் அது நுழையாது. மெல்லிய எவர்சில்வர் தகட்டின் மீது சிலிக்கோனைப் போர்த்திச் செய்யும் திருப்பிகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. நான்ஸ்டிக் வாணலியில் தோசை சுடுபவர்களுக்கு நான் அவற்றையே பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: போர்வை எங்கேனும் கிழிந்து உள்ளே உலோகம் தென்பட்டால் அன்றே அதை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் மென்மையான கரண்டி என்ற நம்பிக்கையில் அழுத்தும் கை பூச்சை வேகமாகக் கெடுக்கும். தலையும் கைப்பிடியும் ஒரே வார்ப்பாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கழற்றி மாட்டும் தலையின் உட்குழிக்குள் மசாலாத் தண்ணீர் தேங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும். வாங்கி வெகுநாளான கரண்டியின் தலையைக் கழற்றி முகர்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எப்போதும் மகிழ்ச்சி. எவர்சில்வர் மரத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. அதனால்தான் வாணலிக்குள் பத்து நிமிடம் கிடந்த மரக்கரண்டியைத் தயங்காமல் வெறுங்கையால் பிடிக்கிறோம். எந்தப் பூச்சையும் அது கீறுவதில்லை. எந்தச் சூட்டிலும் உருகுவதில்லை. நம் பாட்டிமார் பயன்படுத்திய தேங்காய்ச் சிரட்டை அகப்பை, பானைக்கும் குழம்புக்கும் உரியது. அதன் வளைவு தட்டை வாணலிக்கு ஒத்துவராது. தட்டை வாணலிக்கு வேண்டியது, முன் ஓரம் நேராகச் சீவப்பட்டு, ஒரு மூலை மட்டும் உருட்டப்பட்ட மரத்துடுப்பு. நேரான பகுதி அடியை வழிக்கும். உருண்ட மூலை, அடியும் சுவரும் சேரும் வளைவுக்குள் சென்று அங்கே சிக்கிய கடுகையும் மாவையும் வெளியே கொண்டுவரும். கையில் எடுத்துப் பார்க்கும்போது மரத்தின் நார்வரிகள் கைப்பிடியின் நீளத்திலேயே ஓடுகின்றனவா என்று கவனியுங்கள். வரிகள் குறுக்கே ஓடும் இடத்தில்தான் ஒருநாள் முறியும். தேக்கு, பீச் (beech), வேம்பு ஆகிய கெட்டியான மரங்கள் நல்லவை. மூங்கில் கரண்டிகள் மெல்லிய பட்டைகளைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டவையாக இருந்தால், ஓரம் நாளடைவில் பிரிந்து சிராய் குத்தும். ஒரே துண்டிலிருந்து செதுக்கியதாகத் தேடி வாங்குங்கள். வார்னிஷ் பூசிப் பளபளப்பவற்றைத் தவிர்த்துவிடலாம்.

அலுமினியக் கரண்டி மென்மையானது. எவர்சில்வர் வாணலியில் உராய்ந்தால் சாம்பல் நிறக் கோடு இழுக்கும், புளிப்போடு வினைபுரியும். வெள்ளீயம் பூசாத பித்தளைக் கரண்டியையும் புளி சேர்ந்த உணவில் வைக்கக் கூடாது.

எத்தனை வேண்டும், எங்கே வாங்குவது?

பத்துப் பன்னிரண்டு கருவிகளைத் தாங்கியோடு சேர்த்து விற்கும் தொகுப்புகள் தீபாவளி நேரத்தில் கண்ணைக் கவரும். அவற்றுள் தட்டை வாணலிக்கு உண்மையாகவே பயன்படுபவை இரண்டோ மூன்றோதான். எல்லாமே ஒரே பொருளால் ஆனவையாக இருப்பதால், இரும்பு, எவர்சில்வர், நான்ஸ்டிக் என்று மூன்று வகை வாணலி உள்ள வீட்டுக்கு அவை எப்படியும் போதா. மெல்லிய எவர்சில்வர் திருப்பி ஒன்று, நேர் ஓரமுள்ள மரத்துடுப்பு ஒன்று, நான்ஸ்டிக் இருக்கும் வீடானால் சிலிக்கோன் திருப்பி ஒன்று, இறாலையும் கோழித் துண்டையும் ஒவ்வொன்றாகப் புரட்ட ஓர் இடுக்கி என்று தனித்தனியாக வாங்குவதே என் பரிந்துரை. இடுக்கி 23 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தால் கை எண்ணெய்த் தெறிப்புக்கு அப்பால் இருக்கும். நான்ஸ்டிக்குக்கு முனையில் சிலிக்கோன் பொருத்தியதை எடுங்கள்.

எவர்சில்வர் திருப்பிகளுக்கும் மரக்கரண்டிகளுக்கும் தேக்காவைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளும் முஸ்தஃபா கடையின் பாத்திரப் பிரிவும் போதும். 18/8 என்ற குறியீடு இருந்தால் அந்த உலோகத்தில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன என்று பொருள். அது எளிதில் துருப்பிடிக்காது. கைப்பிடி குழாயாக இருந்தால் அதன் முனைகள் முழுவதும் அடைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கழுவும் தண்ணீர் உள்ளே புகுந்து பிறகு வாணலிக்குள் சொட்டும். இணையத்தில் வாங்கினால் ஓரத்தின் தடிமனைப் படத்திலிருந்து அறிய முடியாது. அதனால் திருப்பியை மட்டுமாவது நேரில் தொட்டு வாங்குவது நல்லது.

புழுக்கமான ஊரில் பராமரிப்பு

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் மரக்கரண்டியைக் கழுவி இழுப்பறையில் போடச் சொல்வதை இங்கே பின்பற்றினால் ஒரு வாரத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். கழுவிய உடனே துணியால் துடைத்து, தலை மேலாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் திறந்த தாங்கியில் நிற்கவையுங்கள். தாங்கியின் அடியில் துளை இருக்க வேண்டும். தண்ணீரில் ஊறவிடுவதும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதும் மரத்தைப் பிளக்கும். மாதம் ஒருமுறை, வெட்டுப்பலகைக்கென விற்கும் உணவுத்தர மினரல் எண்ணெயைத் தடவி ஓர் இரவு விட்டு, காலையில் துடைத்தால் மரம் தண்ணீரை உறிஞ்சுவது குறையும். ஓரம் சொரசொரப்பானால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் எண்ணெய் தடவலாம். மரத்துடுப்பு இவ்வாறு தேயத் தேய உங்கள் வாணலியின் வளைவுக்கே அமைந்துவிடும்.

சிலிக்கோன் மஞ்சளை உறிஞ்சி நிறம் மாறுவதைக் கண்டு பலர் அதை எறிந்துவிடுகிறார்கள். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதைவது. கழுவிய கரண்டியைச் சமையலறையை ஒட்டித் துணி காயும் இடத்தில், வெயில் படும்படி உட்புறமாக வைத்தால் சில நாட்களில் நிறம் பெருமளவு வெளுத்துவிடும். வீவக அடுக்குமாடி வீட்டின் சன்னல் விளிம்பில் மட்டும் வைக்க வேண்டாம். கீழே விழுந்தால் யார் தலையிலாவது படும்.

மாதம் ஒருமுறை எல்லாக் கரண்டிகளின் ஓரத்திலும் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நைலானில் நெளிவோ, சிலிக்கோனில் கிழிசலோ, மரத்தில் ஆழமான பிளவோ தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். எவர்சில்வரில் பிசிறு தட்டினால் உப்புத்தாள் போதும். ஆணி தளர்ந்து தகடு ஆடினாலும் எறிய வேண்டியதில்லை. ஆணியின் ஒரு முனையைக் கனமான இரும்பின் மீது வைத்து, மறுமுனையைச் சுத்தியலால் மூன்று நான்கு முறை தட்டினால் இறுகிவிடும். மாமியாரின் திருப்பி இதுவரை இருமுறை அப்படித் தட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் முறை அதைத் தட்டியவள் நான்.